பெயின் மெடிசின் பெல்லோஷிப்: எம்.டி. முடிக்கப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அனஸ்தீசியாவில் (மயக்க மருத்துவம்) எம்.டி. முடித்து, ஓராண்டு வலி மருத்துவப் பெல்லோஷிப் (மேற்படிப்புக்குப் பின் ஒரு துறையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சி) செய்து, இப்போது தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஊரில் பெயின் கிளினிக் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் எம்.டி. கடைசிப் பரீட்சை நெருங்கும்போது ஜூனியர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் ஏறக்குறைய அதேதான். பாதி பதிலைப் போனில் சொல்லிவிட்டு மீதியை மறந்துவிடுகிறேன் என்பதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து இங்கே எழுதிவிட்டேன்.

மேடம், பிளாக் எல்லாம் நாமதான் தினமும் போடறோம். இதுக்குத் தனியா ஒரு பெல்லோஷிப் எதுக்கு?

பிளாக் என்பது நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி. ஆபரேஷன் தியேட்டரில் நாம் பார்ப்பது சில மணி நேர வலி, மிஞ்சினால் சில நாள் வலி. காரணம் கண்முன் தெரியும், முடிவும் தெரியும். பெயின் ஓ.பி.யில் உட்கார்ந்தால் மூன்று மாதம், மூன்று வருடம் என்று வலியோடு வாழ்பவர்கள் வருகிறார்கள். நாள்பட்ட வலி வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் இல்லாமல் தானே ஒரு நோயாகவும் இருக்க முடியும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாட்டுப் பட்டியலே ஏற்றுக்கொண்டுவிட்டது. அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

என் பெல்லோஷிப்பின் முதல் வாரத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். நெஞ்சில் அக்கி வந்து, ஊர் வழக்கப்படி காவியால் அக்கி எழுதிக்கொண்டு, கொப்புளம் ஆறி ஏழு மாதம் ஆகியிருந்தது. தோலில் லேசான தழும்பு மட்டும்தான். ஆனால் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க முந்தானையை இரண்டு விரலால் பிடித்து நெஞ்சில் படாமல் தள்ளியே வைத்திருந்தார். துணி உரசினாலே தீப்பட்டது போல் இருக்கிறதாம். அவருக்கு மாத்திரை, பிளாக், தூக்கம், 'சும்மா நடிக்கிறாங்க' என்று நினைக்கும் வீட்டார் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. பெல்லோஷிப்பில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஊசி அதில் ஒரு பகுதி.

அனஸ்தீசியா படிச்சவங்க மட்டும்தான் போட முடியுமா? என் ஃப்ரெண்ட் பி.எம்.ஆர்., அவனும் கேக்கறான்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு வருபவர்களில் பெரும்பான்மை அனஸ்தீசியாக்காரர்கள்தான். ஆனாலும் பி.எம்.ஆர். (உடலியக்க, மறுவாழ்வு மருத்துவம்), ஆர்த்தோ, நியூரோ பக்கத்திலிருந்து வருபவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு படிப்பின் அறிவிப்பிலும் தகுதிப் பட்டம் எது என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். சில இடங்களில் அனஸ்தீசியா எம்.டி., டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும், எம்.டி.க்கு இணையான பட்டம்) மட்டும் என்று இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

பி.எம்.ஆர். நண்பரிடம் சொல்லுங்கள்: நடை, தசை, மறுவாழ்வு ஆகியவற்றில் அவருக்கு நம்மைவிடப் பழக்கம் அதிகம். மயக்க மருந்து கொடுத்துக் கண்காணிப்பது, மூச்சுக்குழாய் கையாள்வது, லோக்கல் அனஸ்தெடிக் நச்சு வந்தால் என்ன செய்வது ஆகியவற்றை அவர் கூடுதலாகப் பயிலவேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் மேற்படிப்பை முடியுங்கள்.

டி.எம்., எஃப்.என்.பி., பி.டி.சி.சி., பெல்லோஷிப்... தலை சுத்துது அக்கா. எது எதுன்னு ஒருதடவை சொல்லுங்களேன்.

டி.எம். என்பது மூன்றாண்டு சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டம். வலி மருத்துவத்தில் இது ரிஷிகேஷ் எய்ம்ஸ் போன்ற மிகச் சில இடங்களில்தான் உண்டு. எய்ம்ஸ் வகை நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். எஃப்.என்.பி. தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டாண்டுப் பெல்லோஷிப். இதற்கு எஃப்.இ.டி. என்ற தனி நுழைவுத் தேர்வு, பிறகு மதிப்பெண் வரிசையில் கவுன்சலிங். பி.டி.சி.சி. ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ.யில் வலி மருத்துவத்துக்கு இப்படி ஒன்று இருக்கிறது.

அடுத்து வருவது சங்கம் நடத்துவது. ஐ.எஸ்.எஸ்.பி. என்ற இந்திய வலி ஆய்வுச் சங்கம் தன் கல்விப் பிரிவு மூலம் பெல்லோஷிப் நடத்துகிறது. கடைசி வகை, மருத்துவமனைகளும் பெயின் கிளினிக்குகளும் தாங்களே தரும் பெல்லோஷிப். எண்ணிக்கையில் அதிகம் இதுதான். மூன்று மாதத்தில் தொடங்கி ஓராண்டு வரை போகும், தரமும் அதேபோல ஏறி இறங்கும். நம் ஜூனியர்கள் பெரும்பாலும் வந்து சேர்வது இந்த வகையில்தான் என்பதால், கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவை.

எஃப்.ஐ.பி.பி. எழுதிட்டா போதும், பெல்லோஷிப்பே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

எஃப்.ஐ.பி.பி. ஒரு பரீட்சை. வேர்ல்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் பெயின் என்ற அமைப்பு 2001 முதல் நடத்துகிறது. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியை வைத்து உடலத்தில் ஊசி செலுத்திக் காட்டும் செய்முறைத் தேர்வு என்று கடினமானது. நல்ல மதிப்பும் உண்டு.

ஆனால் அது உங்களுக்குத் தெரிந்ததைச் சோதிக்கும், கற்றுத் தராது. ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போவதில்லையே. முதலில் பெல்லோஷிப், கொஞ்ச நாள் சொந்த அனுபவம், அப்புறம் எஃப்.ஐ.பி.பி. என்ற வரிசைதான் சரி.

பிரைவேட் பெல்லோஷிப்புக்கு என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) அங்கீகாரம் இருக்கா? போர்டுல போட்டுக்கலாமா?

தனியார் மருத்துவமனையோ கிளினிக்கோ தானே தரும் பெல்லோஷிப்பைக் கூடுதல் தகுதியாக மெடிக்கல் கவுன்சிலில் பதிய முடியாது. பதிவில் நிற்பது உங்கள் எம்.டி. அல்லது டி.என்.பி.தான். வலி சிகிச்சை செய்ய இந்தியாவில் தனி லைசென்ஸ் என்று ஒன்றும் கிடையாது. எம்.டி. பதிவோடும் தகுந்த பயிற்சியோடும் செய்யலாம்.

அதனால் போர்டில் எம்.டி. என்று போட்டு, கீழே 'வலி மருத்துவத்தில் பெல்லோஷிப் பயிற்சி' என்று விவரமாக எழுதலாம். பட்டம் போலத் தோன்றும் எழுத்துகளை வரிசையாக அடுக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி வேலைக்கோ பதவி உயர்வுக்கோ கூடுதல் தகுதி வேண்டும் என்பதே உங்கள் நோக்கம் என்றால், டி.எம். அல்லது எஃப்.என்.பி. பக்கம் பாருங்கள்.

எப்போ அப்ளை பண்ண ஆரம்பிக்கணும்? எக்ஸாம் முடிஞ்சதும் போதுமா?

தேசிய அளவிலான நுழைவுத் தேர்வுகளுக்கு அறிவிப்பில் இருக்கும் தேதிதான் சட்டம். எம்.டி. எந்தத் தேதிக்குள் முடிந்திருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடும் அதிலேயே இருக்கும். தனியார் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஆள் எடுப்பார்கள். ஒரு தொகுதிக்கு இரண்டு, மூன்று பேர்தான். அதனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எம்.டி. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே எங்கெங்கே போடலாம் என்று பட்டியல் எழுதிவிடுங்கள். அந்த ஆண்டில் கிடைக்கும் விடுப்பில் ஒரு வாரம் ஏதாவது ஒரு பெயின் கிளினிக்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். பலர் அனுமதிப்பார்கள். நான் அப்படி ஒரு வாரம் உட்கார்ந்த பிறகுதான் இந்தத் துறைக்கு வருவது என்று முடிவு செய்தேன். என்னோடு வந்த தோழி அதே வாரத்தில் இது தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தாள். இருவருக்குமே அந்த வாரம் பயன்பட்டது.

நல்ல சென்டர்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எல்லா வெப்சைட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு.

வெப்சைட்டை மூடிவிட்டு, இப்போது அங்கே பெல்லோவாக இருப்பவருக்கும் போன ஆண்டு முடித்தவருக்கும் போன் போடுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் எண்ணும் தர மறுக்கிற சென்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் இப்படிக் கேட்காமல் போய்விட்டேன். பெயர் பெரிது, கட்டடமும் பெரிது. மூன்று மாதம் நான் செய்தது கன்சென்ட் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும், லெட் ஏப்ரன் (கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கி) மாட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்பதும்தான். ஊசியைத் தொட்டது நான்கு முறை. அதுவும் முழங்கால் மூட்டில். கட்டிய பணத்தை விட்டுவிட்டு வெளியே வந்தேன். அடுத்து சேர்ந்த இடம் இரண்டு அறை கொண்ட சின்ன கிளினிக். அங்கே முதல் மாதம் பார்க்கவேண்டும், இரண்டாம் மாதம் சாருடைய கை என் கைமேல் இருக்கும், நான்காம் மாதம் நான் செய்ய அவர் பக்கத்தில் நிற்பார். இப்போது எனக்குத் தெரிந்த தொழில் அங்கே கற்றது.

போனில் கேட்கவேண்டியது: உங்கள் கையால் எத்தனை மீடியல் பிராஞ்ச் பிளாக் (முதுகெலும்பு மூட்டின் நரம்புக்கு), எத்தனை டிரான்ஸ்போராமினல் எபிடியூரல் (தண்டுவட நரம்பு வெளியேறும் துளை வழியே போடும் ஊசி), எத்தனை ரேடியோ ஃப்ரீக்வென்சி (வெப்பத்தால் நரம்பைச் செயலிழக்கச் செய்வது) செய்தீர்கள்? சீலியாக் பிளெக்ஸஸ் (வயிற்று நரம்புப் பின்னல்), ட்ரைஜெமினல் கேங்லியன் (முக நரம்பு முடிச்சு) ஊசிகள் பார்க்கவாவது கிடைத்ததா? அல்ட்ராசவுண்ட் தனியாக இருக்கிறதா, தியேட்டரில் இருந்து கடன் வாங்கவேண்டுமா? லாக் புக் (செய்த சிகிச்சைகளின் பதிவேடு) உண்டா, அதில் கையெழுத்துப் போடுகிறார்களா? இவற்றைவிட முக்கியமாக, ஊசி போட்ட நோயாளியை ஆறு வாரம் கழித்து நீங்களே மறுபடி பார்த்தீர்களா என்று கேளுங்கள். பாலோ-அப் பார்க்காத பெல்லோவுக்குத் தான் போட்ட ஊசி வேலை செய்ததா என்று கடைசிவரை தெரியாது.

எஸ்.ஓ.பி.ல என்ன எழுதறது? கூகுள்ல பார்த்து ஒண்ணு ரெடி பண்ணினேன், பாக்கறீங்களா?

எஸ்.ஓ.பி. என்பது ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை. எனக்கு வரும் பத்து எஸ்.ஓ.பி.யில் எட்டு, சிறு வயதிலிருந்தே மனிதகுலத்துக்குச் சேவை செய்யும் ஆசை என்று தொடங்குகிறது. அந்த ஆசை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேர்வு செய்பவருக்கு அதிலிருந்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் பார்த்த ஒரு நோயாளியை எழுதுங்கள். போன ஆண்டு ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: இரவு டியூட்டியில் விலா எலும்பு ஐந்து உடைந்த லாரி டிரைவர், வலியில் மூச்சை இழுக்கவே பயப்படுகிறார், ஆக்சிஜன் குறைகிறது, வென்டிலேட்டர் தயாராகிறது. எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்ற முதுகுப் பக்க ஊசி போட்டு, மருந்து தொடர்ந்து போகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வைத்தான். காலை ரவுண்ட்ஸில் அவர் இருமிக் காட்டினார். அவ்வளவுதான், அரைப் பக்கம். அந்தப் பையனை இன்டர்வியூவுக்குக் கூப்பிடாமல் யாராலும் இருக்க முடியாது.

அப்படி ஒரு நோயாளி, அவரால் உங்களுக்கு எழுந்த கேள்வி, அதற்கு எம்.டி.யில் பதில் கிடைக்காத இடம், இந்தச் சென்டரில் அது கிடைக்கும் என்று நினைப்பதற்குக் காரணம், முடித்தபின் எங்கே உட்காரப்போகிறீர்கள். ஒரு பக்கத்துக்குள் இது அடங்கும். நோயாளியின் பெயர், ஊர், ஐ.பி. எண் எதுவும் இருக்கக்கூடாது. பத்து இடத்துக்கு ஒரே எஸ்.ஓ.பி.யை அனுப்பும்போது இன்னொரு சென்டரின் பெயர் அதில் அப்படியே நிற்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அனுப்புமுன் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.

ரெகமெண்டேஷன் லெட்டர் எச்.ஓ.டி.கிட்டயே வாங்கணுமா? அவருக்கு என் பேரே தெரியாது மேடம்.

கேட்கும் இடத்தில் துறைத் தலைவர் கடிதம் கட்டாயம் என்று போட்டிருந்தால் வாங்கத்தான் வேண்டும். இல்லையென்றால் உங்களோடு இரவு முழுக்கக் கேஸ் செய்த உதவிப் பேராசிரியரின் கடிதம் நூறு மடங்கு மேல். அவரால்தான் நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்று எழுத முடியும்.

கேட்கும்போது குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். உங்கள் பயோடேட்டாவையும் எஸ்.ஓ.பி.யையும் கூடவே கொடுங்கள். 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொன்னால், நீங்கள் அவரோடு செய்த மூன்று கேஸ்களைக் குறித்துக்கொடுத்து, கடிதத்தை அவரையே எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.

பப்ளிகேஷன் ஒண்ணுகூட இல்ல. வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. தேர்வு அடிப்படையிலான இடங்களில் மதிப்பெண்தான் பேசும். தனியார் இடங்களில் ஒரு கேஸ் ரிப்போர்ட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒன்றும் மோசமில்லை. உங்கள் தீசிஸ் தலைப்பு பிளாக் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதைப் பற்றி ஐந்து நிமிடம் தெளிவாகப் பேசத் தயாராக இருங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடும் ஜர்னல்கள் பக்கம் மட்டும் போகவேண்டாம்.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க? தியரியா, கேஸா?

இரண்டும். என்னிடம் இடுப்பு முதுகெலும்பின் சாய்வு எக்ஸ்ரே ஒன்றைக் கையில் கொடுத்து 'நாய்க்குட்டியைக் காட்டு' என்றார்கள். அந்தக் கோணத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பும் ஸ்காட்டி வகை நாய்போலத் தெரியும். மூக்கு டிரான்ஸ்வர்ஸ் பிராசஸ் (பக்கவாட்டு எலும்பு நீட்சி), காது சுபீரியர் ஆர்டிகுலர் பிராசஸ் (மேல் மூட்டு நீட்சி). மீடியல் பிராஞ்ச் பிளாக்குக்கு ஊசிமுனை போகவேண்டியது ஏறக்குறைய நாயின் கண் இருக்கும் இடத்துக்கு. காட்டிவிட்டேன். உடனே அடுத்த கேள்வி: 'நோயாளி க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார், இப்போது?' ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்தை எத்தனை நாள் நிறுத்துவது, இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தலாமா, எந்த பிளாக்குக்கு நிறுத்தாமலே செய்யலாம் என்று பேச்சு அப்படியே நீண்டது.

வழக்கமாக வருபவை: முதுகுவலியில் அபாய அறிகுறிகள், சி.ஆர்.பி.எஸ். என்ற சிக்கலான வட்டார வலி நோயைக் கண்டறியும் புடாபெஸ்ட் அளவுகோல், நரம்பு வலிக்கு முதல் வரிசை மருந்துகள், ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற முக நரம்பு வலியில் கார்பமஸெபின் மருந்து தொடங்குமுன் என்ன பார்ப்பீர்கள், கழுத்தில் டிரான்ஸ்போராமினல் ஊசிக்குத் துகள் உள்ள ஸ்டீராய்டை ஏன் தவிர்க்கவேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில், அந்தத் துகள் தமனிக்குள் போனால் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகும் ரத்தத்தை அடைத்துவிடும் என்பது. வலிக்கு ஐ.ஏ.எஸ்.பி. என்ற சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் தரும் வரையறை 1979-இல் வந்தது, 2020-இல் திருத்தப்பட்டது. என்ன மாறியது என்று படித்துவிட்டுப் போங்கள். பேச முடியாதவருக்கும் வலி இருக்கலாம் என்பதும், நோயாளி சொல்லும் வலியை மதிக்கவேண்டும் என்பதும் அதோடு சேர்த்த குறிப்புகளில் இருக்கின்றன. பிடித்தமான கேள்வி அது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊசி பிடிக்கப்போகிறவர் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினால் எதிரில் இருப்பவர் பயந்துவிடுவார்.

ஸ்டைபெண்ட் கிடைக்குமா, நாம பணம் கட்டணுமா?

டி.எம்., எஃப்.என்.பி.யில் ஸ்டைபெண்ட் உண்டு. தனியார் பெல்லோஷிப்பில் மூன்று விதமும் இருக்கிறது: அவர்கள் தருவது, யாரும் யாருக்கும் தராதது, நீங்கள் கட்டுவது. கட்டுவது என்றாலே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்த கிளினிக்கிலும் கட்டணம் இருந்தது. ஆனால் கட்டுவதற்குமுன் பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்பித்தான் முதல் இடத்தில் என் பணம் போனது.

இன்னொன்று, 'ஸ்டைபெண்ட் தருகிறோம், ஆனால் தினமும் தியேட்டரில் அனஸ்தீசியா டியூட்டி பார்க்கவேண்டும்' என்று சொல்லும் இடங்கள். வாரம் ஒரு நாள் என்றால் சரி. ஐந்து நாள் என்றால் அது பெல்லோஷிப் என்ற பெயரில் சீனியர் ரெசிடெண்ட் வேலை.

மூணு நாள் கடாவர் ஒர்க்ஷாப்ல சர்டிபிகேட் தராங்களே, அது போதாதா?

ஒர்க்ஷாப் நல்லது, போங்கள். உடலத்தில் தைரியமாக ஊசி செலுத்திப் பழகலாம், உடற்கூறு மனதில் பதியும். ஆனால் உடலத்துக்கு ரத்தம் ஓடாது, வலியில் நெளியாது, ஊசி நரம்பைத் தொட்டால் 'ஐயோ, கால் இழுக்குதும்மா' என்று கத்தாது. யாருக்கு ஊசி போடக்கூடாது என்பதை ஒர்க்ஷாப்பில் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அதற்குத்தான் ஓ.பி.

பாலியேட்டிவ் கேர் படிக்கலாமா, பெயின் படிக்கலாமான்னு குழப்பம். ரெண்டும் ஒண்ணுதானே?

பாதி வழி ஒன்றாகப் போகும், பிறகு பிரியும். குணமாக்க முடியாத நோயில் வேதனையைக் குறைக்கும் பாலியேட்டிவ் கேரில் வலியோடு மூச்சுத் திணறல், வாந்தி, புண், குடும்பத்தோடு பேசுவது, கடைசி நாட்கள் எல்லாம் சேர்ந்து வரும். பெயின் மெடிசினில் புற்றுநோய் வலி ஒரு பகுதி. முதுகு, கழுத்து, மூட்டு, நரம்பு வலிதான் ஓ.பி.யை நிறைக்கும். இறப்பை நெருங்கியவரின் பக்கத்தில் நாள்தோறும் உட்கார மனம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

எதைப் படித்தாலும் மார்பின் எழுதக் கற்றுக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். வலிக்கு ஏற்ப மருந்தைப் படிப்படியாக உயர்த்தச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் வலி ஏணி 1986-இலேயே வந்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்பினை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகியவற்றை அத்தியாவசிய நார்க்காட்டிக் மருந்துகள் என்று வகைப்படுத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வாங்கி வைக்க வழி செய்தார்கள். டிராமடாலும் 2018-இல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. நீங்கள் விண்ணப்பிக்கும் சென்டர் அப்படி அங்கீகாரம் பெற்றதா, மார்பின் மாத்திரை அங்கேயே கிடைக்கிறதா என்று கேளுங்கள். சென்டர் பற்றிய பதிலில் கொடுத்த பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகுது. சி-ஆர்ம் ரேடியேஷன் பயமா இருக்கு. இந்த ஃபீல்டே வேண்டாம்னு வீட்ல சொல்றாங்க.

பயப்படுவதில் தவறில்லை, கணக்குத் தெரிந்து பயப்படுவோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்தபிறகு மீதி மாதங்களுக்கு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் டி.எல்.டி. என்ற கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் போட்டுக்கொண்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு வந்துவிடும். உங்கள் பெயரில் பேட்ஜ் தராத இடத்தில் சேராதீர்கள், ஆணாக இருந்தாலும் சரி.

தைராய்டு கவசம், பக்கவாட்டையும் மூடும் ஏப்ரன், படம் எடுக்கும்போது ஓரடி பின்னால் நகர்வது, எக்ஸ்ரே குழாய் மேசைக்குக் கீழே இருப்பது ஆகியவை பெரும்பகுதியைக் குறைத்துவிடும். நான் பெல்லோவாக இருந்தபோது கூடப் படித்தவர் கர்ப்பமானார். சாரிடம் அன்றே சொன்னார். அடுத்த மாதங்களில் அவர் அல்ட்ராசவுண்ட் பிளாக்குகளும் ஓ.பி.யும் பார்த்தார், விட்டுப்போன சி-ஆர்ம் நாட்களைப் பிரசவத்துக்குப் பின் வந்து முடித்தார். இப்படி ஒத்துக்கொள்வார்களா என்று இன்டர்வியூவில் கேட்கத் தயங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்களிடம் ஓராண்டு வேலை செய்வது கஷ்டம்.

ஃபாரின் பெல்லோஷிப்புக்கு நேரா போக முடியுமா?

அமெரிக்காவில் ஏ.சி.ஜி.எம்.இ. (மேற்படிப்பு மருத்துவப் பயிற்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற பெயின் பெல்லோஷிப் 12 மாதம். அங்கேயே ரெசிடென்சி முடித்தவர்கள் ஈராஸ் என்ற இணைய விண்ணப்ப முறை மூலம் விண்ணப்பித்து, மேட்ச் என்ற இட ஒதுக்கீட்டு முறை வழியாகச் சேருவதுதான் வழக்கம். இந்திய எம்.டி.யை மட்டும் வைத்து நேரடியாகப் போவது மிக அபூர்வம். பிரிட்டனில் எம்.டி.ஐ. என்ற வெளிநாட்டு மருத்துவர் பயிற்சித் திட்டத்தின் கீழ் அதிகபட்சம் இரண்டாண்டு போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்ப வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வலி மருத்துவத்துக்கு 1998-இலேயே தனி ஃபேகல்டி அமைத்துவிட்டார்கள். ஊசியோடு மனநலமும் உடற்பயிற்சியும் சேர்ந்த சிகிச்சையைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் அங்கே பாருங்கள்.

இங்கே ஒரு பெல்லோஷிப் முடித்துவிட்டு, பிறகு சில வாரம் பார்வையாளராக வெளிநாடு போவது பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி.

கவர்மெண்ட் காலேஜ்ல பாண்ட் இருக்கு. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அங்கதான். என்ன பண்றது?

விண்ணப்பிக்கும்போதே பாண்ட் (படிப்பு முடிந்ததும் அரசுப் பணி செய்வதாகத் தரும் ஒப்பந்தம்) இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சேரும் நாளில் ஒரிஜினல் கேட்பார்கள், அன்றைக்குச் சொன்னால் இடம் போய்விடும். சில சென்டர்கள் அடுத்த தொகுதிக்கு இடத்தைத் தள்ளிவைப்பார்கள். பாண்ட் காலத்தையும் வீணாக்கவேண்டாம். போஸ்டிங் கிடைத்த மருத்துவமனையில் வாரம் ஒரு மதியம் பெயின் ஓ.பி. தொடங்க அனுமதி கேளுங்கள். ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். எஸ்.ஓ.பி.யில் எழுதுவதற்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

ஒரு இடத்துல ஓகே சொல்லிட்டேன், இப்போ அதைவிட நல்ல இடத்துல கூப்பிடறாங்க. மாறலாமா?

எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது என்றால் இன்றே போன் செய்து நேரடியாகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்கு அந்த இடம் போகும். சேரவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு போனை அணைப்பது மட்டும் கூடாது. இந்தத் துறை சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எஃப்.என்.பி., டி.எம். கவுன்சலிங்கில் எடுத்த இடத்தை விட்டால் அபராதமும் தடையும் வரக்கூடும். அது அந்தந்த ஆண்டுக் கையேட்டில் இருக்கும்.

முடிச்சிட்டு ஊர்ல வந்து உக்காந்தா ஆள் வருவாங்களா? மூட்டு வலின்னா எலும்பு டாக்டர்கிட்டதானே போறாங்க?

முதல் ஆறு மாதம் எனக்கு நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர்தான் வந்தார்கள். காலையில் மூன்று நர்சிங் ஹோமில் அனஸ்தீசியா கொடுத்துவிட்டு மாலையில் கிளினிக் திறப்பேன். ஊரில் உள்ள எலும்பு மருத்துவர், நியூரோ, புற்றுநோய் மருத்துவர் எல்லோரையும் நேரில் போய்ப் பார்த்தேன். அனுப்பிய ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் என்ன செய்தேன் என்று அரைப் பக்கம் எழுதி அவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். ஊசி வேண்டாத நோயாளிக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பிய சீட்டுகளைப் பார்த்துத்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது என்று பின்னால் ஒருவர் சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் அனஸ்தீசியா கேஸ்களைக் குறைத்துக்கொண்டேன். இப்போது காலையில் இரண்டு நாள் மட்டும் தியேட்டர், மீதி நேரமெல்லாம் ஓ.பி.தான். உங்கள் ஊர் எது, எந்த மாதம் முடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கக்கூடிய கிளினிக் எது என்று சொல்கிறேன்.